கடைசியில வரவேண்டிய பேரு

அறுபத்திரெண்டு, அதுக்குக் கீழ முன்னூத்தித் தொண்ணூறு. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்துல இந்த ரெண்டு நம்பர் மட்டும்தான் தெரியுது. மேல உள்ளது பன்னெண்டு செகண்டுக்கு ஒருக்கா ஒண்ணு கூடுது, கீழ உள்ளது அசையாம நிக்குது. லைப்ரரி ரெண்டாவது மாடி, மேக்க பாத்த ஜன்னல், இங்கனதான் வைஃபை கொஞ்சமாவது உயிரோட இருக்கும், மத்த எடத்துல எல்லாம் பேருக்கு நாலு கோடு காட்டிட்டு செத்துக் கெடக்கும். அறுபத்திமூணு. ஆனி மாசக் காத்து ஜன்னல் கதவப் புடிச்சு இழுத்து அடிக்குது, எந்திரிச்சுப் போயி கொக்கி போட்டுட்டு வாரேன், ஒக்காந்ததும் மறுபடி அடிக்குது. பழைய புஸ்தகத்து வாசம், பழைய மழையோட வாசம் மாதிரி. ஸ்கிரிப்ட் நான் எழுதுனதுதான், நாப்பது வரி பைத்தான். ஃபோல்டருக்குள்ள இருக்கற ஒவ்வொரு ஃபைலா எடுக்கும், காலேஜ் விசாரணைக் குழு குடுத்த கிளவுட் லிங்குல ஏத்தும், நம்பர்ல ஒண்ணு கூட்டும், அடுத்தத எடுக்கும். ஹாஸ்டல் வார்டன் கனகவல்லி மேடம் எங்க போன எல்லாம் புடுங்கிப் படிச்சதுக்கு ஆதாரம். இருவத்திமூணு பிள்ளைங்க பேசுன வாக்குமூலம், போட்டோ, ஸ்கிரீன்ஷாட்டு, ரெஜிஸ்டர் பக்கம். ஒவ்வொண்ணுக்கும் குடுத்த பிள்ளையோட பேரையே இங்கிலீஷுல வச்சிருக்கேன், அபிராமியில ஆரம்பிச்சு யோகேஸ்வரியில முடியும். முன்னூத்தி எம்பத்தொம்போது ஃபைலப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல. கடைசி ஒண்ணுதான். யோகேஸ்வரி. ஒய். அது மேல போகலாமா வேண்டாமான்னு இன்னும் யோகேஸ்வரியே சொல்லல.

காலைல மெஸ்ல இட்லியப் பிச்சுக்கிட்டே சொன்னா, பன்னெண்டுக்குள்ள யோசிச்சு வந்து சொல்லுதேன், அதுவரைக்கும் என்னோடத போடாதட்டின்னா. சரின்னேன். லிங்கு பன்னெண்டு மணிக்கு மூடிரும்னு அவளுக்கும் தெரியும். நானும் கணக்குப் போட்டுத்தான் பாத்தேன், இந்த வைஃபைக்கு நிமிசத்துக்கு அஞ்சு ஃபைலு, பத்து முப்பத்தெட்டுக்கு ஆரம்பிச்சா பதினொண்ணு அம்பத்தாறுக்கு முடியும், யோகு பேரு ஆகக் கடைசியில நிக்குது, அதுக்குள்ள அவ வந்துருவா. வந்து சரின்னா விட்டுருவேன், வேண்டாம்னா கன்ட்ரோல் சி, ரெண்டு வெரலு, நிறுத்திருவேன். அப்ப நான் போட்டதா ஆகுமா? ஆகாது. ஃபோல்டருக்குள்ள இருக்கு, அவ்வளவுதான். பஸ்ஸ்டாண்டுல நிக்கறவன் எல்லாம் பஸ் ஏறிட்டான்னு அர்த்தமா. எழுவத்தொண்ணு. இந்த மாதிரி பேசுனா யாருன்னாலும் வாய மூடிருவாங்க, நான் பேசி யாரு ஜெயிச்சிருக்கா, ஆனா இப்ப எதுத்தாப்ல யாரும் இல்ல, எனக்கு நானே பேசிக்கிட்டு இருக்கேன், எதிர்ல ஆளு இல்லாத சண்டையில ஜெயிச்சா வாய்க்குள்ள ஒரு மாதிரி கசக்குது. தனியா எடுத்து வச்சிருக்கலாம்லா. வச்சிருக்கலாம். அவ ஃபைல எடுத்து வெளிய வைக்கறதுக்கு மவுஸக்கூட அங்க கொண்டு போனேன். அப்பறம் தோணுச்சு, வெளிய வச்சா அவ வேண்டாம்னு சொல்லுவான்னு நானே ஒத்துக்கிட்டது மாதிரி. உள்ளயே கெடந்தா அவ வந்து தலைய ஆட்டுனாப் போதும். அவளுக்கு ஈசியா இருக்கட்டும்னுதான். அவளுக்கா. எழுவத்திரெண்டு. எழுவத்திமூணு.

அவ வாக்குமூலம் இல்லன்னா மத்த இருவத்திரெண்டும் சப்புன்னு இருக்கும், அதான் விசயம். போன வாங்குனாங்க, பாத்தாங்க, திட்டுனாங்கன்னுதான் எல்லாரும் சொல்லியிருக்காளுவ. அந்தம்மா சிரிச்ச மூஞ்சியோட பாதுகாப்புக்குத்தான் பாத்தேன்னு சொல்லிட்டுப் போயிரும். யோகுவோடதத்தான் அது வாய்விட்டுப் படிச்சிச்சு. சாயங்காலம் ரோல் கால், நூத்தி எம்பது பேரு வரிசையா நிக்கோம், போன நீட்டுன்னு சொல்லிச்சு, யோகு நீட்டுனா, அவ எதையும் நீட்டிருவா. அதுல பையன் நம்பர் ஏதாவது இருக்கும்னு தேடுச்சு அந்தம்மா. பையனும் இல்ல ஒண்ணும் இல்ல. யோகு அவ நம்பருக்கே மெசேஜ் அனுப்புவா. ரெண்டு வருசமா ஒரே ரூம்ல இருக்கேன், எனக்கே தெரியாது. அவளுக்கு அவளே எழுதிக்கறது. "கொடிக்கயிறு நனஞ்சா இரும்பு மாதிரி மணக்கு." "இன்னிக்கு யாருகிட்டயும் அஞ்சு வார்த்தைக்கு மேல பேசல." இந்த மாதிரி. மேடத்தோட பெருவெரலு மேல மேலன்னு தள்ளிக்கிட்டே போச்சு, நகத்துல மருதாணி பாதி போயி பாதி இருந்துச்சு, அது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, அப்பறம் ஒரு எடத்துல நின்னுச்சு, அந்தம்மா தொண்டையச் செருமிட்டு டீச்சர் பாடம் வாசிக்கற குரல்ல வாசிச்சிச்சு. "லீவு வேண்டாம். ஊருக்குப் போகப் பிடிக்கல. அப்பா முகத்தப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது." யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். டியூப்லைட்டு மட்டும் ஙொய்ங்னு சத்தம் போட்டுச்சு. யோகு கையி இன்னும் நீட்டுன மாதிரியே இருந்துச்சு, போன் திரும்பக் கெடைக்கும்னு.

எம்பத்தொம்போது. மேகம் ஒண்ணு மேக்க இருந்து வருது, மலையத் தாண்டி, குத்தாலத்துல பெஞ்சது போக மிச்சம். எங்க ஊருப் பக்கம் வர்றதுக்குள்ள எல்லாம் காலி மேகம்தான், தலைக்கு மேல போய்க்கிட்டே இருக்கும், ஒரு சொட்டு விழாது, நெழலு மட்டும் லைப்ரரிக்கு உள்ள வந்து மேசை மேல ஏறி என் கையி மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கிப் போகும். இப்ப ஏறுது. கையி குளுருது. மேல ஏத்தறது, மேல ஏத்தறதுன்னு சொல்லுதோம், எங்க இருக்கு மேல, எங்கயோ ஒரு ஊருல ஏசி போட்ட ரூம்ல பெட்டி பெட்டியா இருக்குமாம், அதுல ஒரு பெட்டியில அபிராமி அழுதது, ஒரு பெட்டியில பாத்திமா திட்டுனது, எல்லாம் குளுர்ல சத்தம் இல்லாம ஒக்காந்திருக்கும். கேக்க ஆளு வர்ற வரைக்கும். பஸ் போன பொறவு நிக்கற ஸ்டாப்பு மாதிரி. இந்த லிங்குல போடத்தான் முடியும், திரும்ப எடுக்க முடியாது, உண்டியல் மாதிரி, பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான், சமர்ப்பித்த கோப்புகளை நீக்க இயலாதுன்னு. இயலாதாம். ஏன் இயலாது, மாட்டேன்னு சொல்லேன். அதுக்குக் கீழ இன்னொரு வரி, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல், புகார் குடுக்கற ஒவ்வொரு மாணவியோட பெற்றோரையும் போன்ல கூப்பிட்டு, வாக்குமூலத்தப் படிச்சுக் காட்டி, உறுதி செய்யப்படும். இருவது வயசுப் பிள்ள சொன்னாப் பத்தாது, வீட்டுல இருந்து ஒருத்தரு ஆமான்னு சொல்லணும். அப்ப வார்டனோட அப்பாவக் கூப்பிட்டுக் கேப்பீங்களா, ஒங்க மக இப்படிப் படிச்சாளா இல்லையான்னு. கேட்டேன், குழுவுல இருக்கற சார் ஒருத்தர்ட்ட நேராவே கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. தொடச்சு முடிச்சு என் பேரக் கேட்டாரு. அமலின்னேன், இனிஷியல் என்னன்னாரு, இனிஷியல்தான் பேசுச்சான்னேன்.

எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா எனக்கென்ன. எங்கம்மாட்ட போன வாரமே சொல்லிட்டேன், கூப்பிடட்டும், நானும் நாலு கேள்வி கேக்கணும்னு இருக்கேன்னுட்டு மீன் அறுக்கப் போயிட்டா. எங்க வீட்டுல எல்லாருக்கும் வாயி. சண்டை போட்டு முடிச்சாத்தான் சோறு எறங்கும். அதனால எனக்குப் பயம்னா என்னன்னு ஒழுங்காத் தெரியல போல, யோகு பயப்படும்போது அவ நடிக்கான்னு நெனைக்கற அளவுக்குத் தெரியல. நூத்திப் பதினெட்டு. யோகுவோட அப்பா சுரண்டையில மோட்டார் வைண்டிங் பட்டறை வச்சிருக்காரு. கெணத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா பழைய காயில் கம்பிய எல்லாம் பிரிச்செடுத்துட்டு புதுச் செம்புக் கம்பியக் கையால சுத்திக் குடுக்கற வேல. ஒருக்கா ஹாஸ்டலுக்கு வந்தாரு, எங்க ரூம் டேபிள் ஃபேன் ஓடலன்னு யோகு போன்ல சும்மா சொன்னதுக்கு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்துல கல்லு மேல ஒக்காந்து அதப் பிரிச்சு, கம்பி சுத்தி, வார்னிஷ் தடவி, வெயில்ல காயவச்சு, பேசாம இருந்தாரு. மூணு மணிநேரம். சாப்டீங்களான்னு நான் கேட்டேன், சிரிச்சாரு. நல்ல மனுசன்தான். அதுதான் கஷ்டம். அடிக்கறவர்னா நானே வாக்குமூலத்த லவுட்ஸ்பீக்கர்ல போட்டுருப்பேன். இவரு அடிக்க மாட்டாரு. யோகுவோட அக்கா ஒரு பையனப் புடிச்சிருக்குன்னு சொன்னதுக்கு வேண்டாம்னுகூடச் சொல்லலயாம், பதினோரு மாசம் பேசலயாம். ஒரே வீட்டுல. தண்ணி குடுத்தா வாங்கிக் குடிப்பாராம், டம்ளரத் திரும்பக் குடுப்பாராம், பேச்சு மட்டும் கெடையாது. எங்கப்பா பேசலன்னா வீட்டுல காத்தே நின்ன மாதிரி இருக்கும்ட்டின்னு யோகு மொட்டை மாடியில வச்சுச் சொன்னா. மூச்சு முட்டுதுங்கறது அந்தப் பதினோரு மாசம்தான். அவரு மேல வெறுப்பு இல்ல. ஆனா அந்த மூணு வரிய எவனாவது போன்ல படிச்சா அதெல்லாமா கூட வரும், வெறும் மூணு வரிதான் போகும், செம்புக் கம்பி சுத்திக்கிட்டு இருக்கற கையில போயி விழும்.

மொட்டை மாடியிலதான் நான் ரெக்கார்டு பண்ணேன், என் போன்ல, ஆறு நிமிசம் பதினாலு செகண்டு. துணி எல்லாம் காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அவ குரலுக்கு நடுவுல அந்தச் சத்தம் வரும், யாரோ கைதட்டற மாதிரி. அந்த வரிய அவளே ஒருக்கா சொல்லிப் பாத்தா, மெதுவா, சூடான பாத்திரத்தத் தொடற மாதிரி. முடிச்சதும், ஏட்டி, இத இப்பப் போட்டுறாதன்னா. நான் அவகிட்ட என்னெல்லாம் பேசுனேன்னு நெனச்சா இப்ப காது சுடுது. நீ பேசலன்னா நாளைக்கு இன்னொருத்திக்கு நடக்கும்னேன். ஒன் அப்பா மூஞ்சிக்காக நூத்தி எம்பது பேரு வாய மூடணுமான்னேன். பயந்தாங்கொள்ளின்னேன். அவ திருப்பிப் பேசல. பேசலன்னா ஒத்துக்கிட்டான்னு நான் எடுத்துக்கிட்டேன், ஏன்னா எங்க வீட்டுல பேசாம இருந்தா தோத்துட்டான்னு அர்த்தம். அவ வீட்டுல பேசாம இருந்தா வேற அர்த்தம். இது எனக்கு ஏன் இந்த ஜன்னல் பக்கத்துல ஒக்காந்து நூத்தி நாப்பதாவது நம்பரப் பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் தோணணும்.

கதவு மறுபடி அடிக்குது, நான் சனியனே கெடன்னு சத்தமாவே சொல்லிட்டேன் போல. லைப்ரேரியன் ஆறுமுகம் சார் ஷெல்ப்புக்கு அந்தப் பக்கத்துல இருந்து தலைய நீட்டுதாரு. "ஏம்மா, சண்ட போட ஆளு கெடைக்கலன்னா கதவையா புடிச்ச?" கதவுதான் சார் ஆரம்பிச்சிச்சுன்னேன். அவரு கொக்கியில ஒரு பேப்பர மடிச்சுச் சொருகிட்டுப் போறாரு, கதவு அடங்கிருச்சு. நான் பத்து நிமிசமா அடிச்ச அடிக்கு அடங்காதது ஒரு துண்டுப் பேப்பருக்கு அடங்குது. செருப்புச் சத்தம் தூரப் போகுது. கண்ணு சொருகுது. நூத்தித் தொண்ணூறு, நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. நம்பரு மாறும்போது ஒரு நொடி ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கற மாதிரி தெரியும், மேகத்து வெளிம்பு மாதிரி, இது முடிஞ்சிச்சா அது ஆரம்பிச்சிச்சான்னு தெரியாம. ஃபர்ஸ்ட் இயர் லேப் ஞாபகம் வருது, ஏன்னு தெரியல, பொன்ராஜு. அவனும் இப்படித்தான், ஃபோல்டர்ல இருந்து ஃபைல எடுக்கற ப்ரோகிராம் எழுதி ஒரு வார்த்தைய விட்டுட்டான், வைவாவுல எல்லாத்தையும் மாத்தி மாத்திக் காட்டுச்சு. நான் சும்மா இருக்கலாம்லா, எனக்கு வைவாவா. ஒங்க அத்தையா ஒனக்கு கம்ப்யூட்டர் சொல்லிக் குடுத்தான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். காது மடல் வரைக்கும் செவந்துட்டான். அதுல இருந்து என்னப் பாத்தா அமலின்னு கூப்பிட மாட்டான், வாயிம்பான், வாயி வந்துட்டா, வாயி நோட்டு குடு. எரநூத்தி ரெண்டு. அவன் ஏன் இப்ப வாரான். எதையோ சொல்ல வந்த மாதிரி ஜன்னல் பக்கத்துல நிக்கான், காது செவப்பா, அப்பறம் மேகத்து நெழலு மேசை மேல ஏறுது, அவன் இல்ல.

தூங்கிட்டேன் போல. எரநூத்தி அறுவத்தெட்டு. மணி பதினொண்ணு முப்பத்திரெண்டு. யோகு இன்னும் வரல. கனவுல அவ அப்பா வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்துல ஒக்காந்து என்னத்தையோ பிரிச்சுக்கிட்டு இருந்தாரு, ஃபேன்னு நெனச்சேன், பக்கத்துல போயிப் பாத்தா என் போனு, அதுக்குள்ள இருந்து கம்பி கம்பியா யோகு குரல எடுத்து வெயில்ல காயப் போட்டுட்டு இருந்தாரு, ஒரு வார்த்தையும் பேசாம. மொகம் கழுவணும் போல இருக்கு. இதுவரைக்கும் ஒரு ஒண்ணரை அடி தூரத்துல வச்சிருந்த ஒண்ணு இப்ப பக்கத்துல வந்து ஒக்காந்திருக்கு. அவ வரலன்னா? பதினொண்ணு அம்பத்தாறு ஆகி அவ வரலன்னா நான் என்ன செய்வேன்? நிறுத்துவேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், நிறுத்துவேனா, இல்ல, வரல, அதனால சம்மதம்னு எடுத்துக்கிடுவேனா? எடுத்துக்கிடுவேன். தெரியும் எனக்கு. நான் அதுக்குத்தான் அவ ஃபைல உள்ள விட்டு வச்சேன். அவ வராம இருக்கட்டும்னு அடிமனசுல எங்கயோ வேண்டிக்கிட்டேகூட இருந்திருப்பேன். மருதாணி பாதி போன நகம் கண்ணு முன்னாடி வருது, மேல மேல தள்ளுது, அதே மாதிரிதான் நானும் மவுஸுச் சக்கரத்த உருட்டி உருட்டி ஒவ்வொரு பிள்ள பேரா, அபிராமி, தேன்மொழி, பாத்திமா. சரி. போதும். எரநூத்தி எம்பது. கன்ட்ரோல் சி. ரெண்டு வெரலு. நின்னுச்சு. கறுப்புத் திரையில நாலஞ்சு வரி கத்திட்டு நின்னுச்சு. யோகு ஃபைல எடுத்து டெஸ்க்டாப்புல தனியா வச்சேன். வச்சதும் உள்ள ஒரு எடம் லேசாச்சு, நான் நல்லவதான்னு ஒரு நெனப்பு, பாரேன், யாரும் சொல்லாமலே செஞ்சேன். அந்த நெனப்பு ஒரு அரை நிமிசம் இருந்திருக்கும். அரை நிமிசம் நல்லாத்தான் இருந்துச்சு.

மறுபடி ஓடவிடணும்னா எதெல்லாம் போயிருச்சுன்னு தெரியணும், அதுக்காக ஏறி முடிச்ச பேரு, நேரம் எல்லாத்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுத வச்சிருந்தேன். தெறந்தேன், எந்த எழுத்து வரைக்கும் வந்திருக்குன்னு பாக்க. எம் வரைக்கும் இருக்கும்னு நெனச்சேன், இல்லன்னா ஆர். முதல் வரி பாத்திமா. ரெண்டாவது ஸ்வேதா. மூணாவது அபிராமி, அப்பறம் மறுபடி ஸ்வேதா, தேன்மொழி. என்னது. வரிசையா இல்ல. ஏன் வரிசையா இல்ல. அப்பதான் ஜன்னல் பக்கத்துல செவந்த காதோட நின்ன பொன்ராஜ் என்ன சொல்ல வந்தான்னு தெரிஞ்சுது. சார்ட்டட். ஒரு வார்த்த. ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு பைத்தான்ட்ட கேட்டா அது நம்ம கண்ணுக்குத் தெரியற வரிசையில குடுக்காது, டிஸ்க்குல எப்படிக் கெடக்கோ அப்படிக் குடுக்கும், வரிசை வேணும்னா சார்ட்டட்னு நாமதான் போடணும். அவன் விட்ட அதே வார்த்த. எங்க அத்தையா எனக்குச் சொல்லிக் குடுத்தா. கையி தன்னால உருட்டுது, ஏழு, எட்டு, பத்து, பன்னெண்டு, பதினாலு. பதினாலாவது வரி. யோகேஸ்வரி. பத்து நாப்பத்தொண்ணு. நான் ஆரம்பிச்சு மூணாவது நிமிசம். நான் பஸ்ஸ்டாண்டு நியாயம் பேசும்போது அவ போயிட்டா, மேகத்தப் பாக்கும்போது போயிட்டா, அவ அப்பாவ நெனைக்கும்போது, அவ பயத்தப் புரிஞ்சுக்கிட்டேன்னு நெனைக்கும்போது, இப்ப ரெண்டு வெரல வச்சு நல்லவளா ஆகும்போது எல்லாம் போயி அம்பது நிமிசம் ஆயிருந்துச்சு. ஒரு மணிநேரமா நான் தூக்கிப் பாத்து எறக்கிப் பாத்த முடிவு என் கையிலயே இல்ல. எடுக்கலாமா, எப்படி எடுக்கலாம், இயலாது. கொட்டை எழுத்துல. இயலாது.

மூச்ச இழுத்துட்டு ஸ்கிரிப்ட மறுபடி ஓடவிட்டேன், மத்தவளுவ என்ன பாவம் பண்ணுனாளுவ. எரநூத்தி எம்பத்தொண்ணு. அவகிட்ட என்ன சொல்ல. வாயில வார்த்தைக்கு எனக்கு எப்பவாவது பஞ்சம் வந்திருக்கா, இப்பவும் வரல, வரிசையா வந்து நிக்கு, டெக்னிக்கல் ப்ராப்ளம்ட்டி, சர்வர்ல ஏதோ, நெட்டு மக்கர் பண்ணிருச்சு, எல்லாம் பளபளன்னு, ஒண்ணுலயும் நான் இல்ல. குழு எப்படியும் பன்னெண்டு மணிக்கு அப்பறம்தான் தெறக்கும். அவ வேண்டாம்னு சொன்னா சொல்லித்தான் ஆகணும், சுரண்டைக்கு போன் போகும்லா. சரின்னு சொன்னா? சரின்னு சொன்னா ஒண்ணுமே சொல்ல வேண்டாம். சரிட்டின்னு எதையோ ஒரு பட்டனத் தட்டுனாப் போதும். சரின்னு சொல்லட்டும், சரின்னு சொல்லட்டும், கோயில்லகூட நான் இவ்வளவு வேண்டுனது இல்ல.

முன்னூத்தி முப்பத்தொம்போதுல வந்தா. படியேறி வந்த மூச்சு, சுடிதார் கையெல்லாம் நனஞ்சு சோப்பு வாசம், துவைச்சுட்டு அப்படியே வந்திருக்கா. எதுத்தாப்ல ஒக்காரல, பக்கத்து நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தா. கண்ணு வீங்கியிருக்கு, ஆனா மொகம் தெளிவா இருக்கு, மழை விட்ட ரோடு மாதிரி. பதினொண்ணு இருவதுக்கு அவ அப்பா கூப்பிட்டாராம், சும்மாதான், அந்த ஃபேனு இப்பவும் ஓடுதா சத்தம் போடுதான்னு கேக்க. ஓடுதுப்பான்னு சொல்லும்போதே அழுகை வந்துருச்சாம், அந்த வேகத்துலயே எல்லாத்தையும் சொல்லிட்டாளாம், ரோல் கால், மெசேஜ், மேடம் படிச்சது, அந்த வரிய, அதையும், அக்காவோட பதினோரு மாசத்தையும். வேற யாரோ படிச்சுக் காட்டி அவரு கேக்கக் கூடாது, நான்தான் சொல்லணும்னு தோணிச்சுட்டின்னா. அவரு ரொம்ப நேரம் பேசலயாம். லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சாளாம், பட்டறையில ஏதோ மிஷின் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சாம்.

"அப்பறம் என்ன சொன்னாவ?"

"நீ லீவுக்கு வாம்மா, நீ இருக்கற வரைக்கும் நான் பட்டறையிலயே படுத்துக்கிடுதேன்னாவ."

சொல்லிட்டு சிரிக்கப் பாத்தா, வரல. ஜன்னல்ல சொருகியிருந்த பேப்பர் காத்துல துடிக்குது. மேசை மேல நெழலு ஏறி அவ ஈரக்கையி மேல போயி எறங்குச்சு. அவ திரையப் பாத்தா, நம்பரப் பாத்தா, முன்னூத்தி அம்பத்தி ஒண்ணு, மூக்க உறிஞ்சிக்கிட்டு நிமிந்து ஒக்காந்தா. "போட்டுரு அமலி. என்னோடதையும் போட்டுரு. இனிமே எனக்கென்ன."

வேண்டுனது கெடச்சிருச்சு. ஒரு பட்டன், சரிட்டி, அவ்வளவுதான், அவ கையப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பன்னெண்டு மணி வரைக்கும் நம்பரப் பாத்துக்கிட்டு இருக்கலாம். கையி கீபோர்டு வரைக்கும் போயிருச்சு. அவ என்னப் பாக்கா, நீட்டுன கையி மாதிரி இருக்கு அந்தப் பார்வை, குடுத்தது பத்திரமா இருக்கும்னு.

"அது ஏற்கெனவே போயிட்டு யோகு," ன்னேன். தனியா எடுத்து வைக்கலன்னேன், கடைசியிலதான் போகும்னு நெனச்சேன்னேன், நீ சொல்லுததுக்கு முன்னாடியே போயிட்டுன்னேன். சர்வரு, நெட்டு எதுவும் சொல்லல.

அவ கத்துவான்னு பாத்தேன். கத்துனா நல்லாருக்கும், கத்துனா எனக்குப் பதில் தெரியும். அவ நாற்காலியோட முதுகப் புடிச்சா, விட்டா.

"எத்தன மணிக்கு?"

"பத்து நாப்பத்தொண்ணு."

அவ திரையப் பாக்கல, என்னப் பாக்கல, ஜன்னலப் பாத்து எதையோ எண்ணுத மாதிரி இருந்தா. காலையில எந்திரிச்சது, மெஸ்ஸு, துணிய ஊறவச்சது, ஒவ்வொண்ணா பின்னால இருந்து எண்ணி அந்த நிமிசத்துக்கிட்ட வந்து நின்னுட்டான்னு எனக்குத் தெரிஞ்சுது. முன்னூத்தி அம்பத்தஞ்சு. சொன்னா, கோவமா இல்ல, மொட்டை மாடியில அந்த வரியச் சொன்ன அதே மெதுவுல.

"அப்ப நான் துணி அலசிக்கிட்டு இருந்தேன். அப்ப நான் வேண்டாம்னுதான்ட்டி இருந்தேன்."